ஒரு மியூசியம், ஒரு தோட்டம், ஒரு கலை: ஒரு நாள் உலாவுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரே நாளில் மூன்று மியூசியம் பார்த்தவன் நான். மூன்றாவதில் என்ன இருந்தது என்று கேட்டால், ஜன்னலோரம் ஒரு மர பெஞ்ச் இருந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அரை மணி நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ இருந்தது. எழுந்து போய் என்னவென்று பார்க்கத் தெம்பில்லை.

இந்தக் களைப்புக்குப் பெயரே உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1916-இல் 'மியூசியம் களைப்பு' என்றே தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரைக் காட்சிப் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்தி, உள்ளே இருப்பதைப் பற்றிக் கேள்வி கேட்டு, பதில் தேடி அவர் எப்படியெல்லாம் குனிகிறார், எம்புகிறார், முட்டி போடுகிறார் என்று படமெடுத்துக் காட்டினார். பார்ப்பவரின் சோம்பலை அவர் குறை சொல்லவில்லை. பொருளை வைத்திருக்கும் விதமே உடம்பை முறிக்கிறது என்பது அவர் வாதம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இடுப்பு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

அந்த பெஞ்சுக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு: ஒரு நாளுக்கு ஒரு மியூசியம், ஒரு தோட்டம், நம் கண்ணெதிரே உயிரோடு நடக்கிற ஒரு கலை. இரண்டு மியூசியம் கூடவே கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

படி 1: எங்கே போவது

பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். வெளியூர் போனால் தேடிப்பிடித்து மியூசியம் பார்க்கிறவர்கள், தினமும் பஸ்ஸில் கடந்து போகும் மியூசியத்துக்குள் ஒரு முறைகூட நுழைந்திருக்க மாட்டார்கள். 'அது எங்கே போகப் போகிறது' என்ற தைரியம்.

சின்ன மியூசியத்தை இளக்காரமாக நினைக்க வேண்டாம். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் சுமார் 80 லட்சம் பொருள்கள். பார்வைக்கு வைத்திருப்பது ஏறக்குறைய 80 ஆயிரம், அதாவது நூற்றில் ஒன்று. அந்த ஒன்றையே ஒரு நாளில் யாராலும் பார்த்து முடிக்க முடியாது. நாலு அறை மட்டும் உள்ள உள்ளூர் மியூசியத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, பிடித்த அறைக்குத் திரும்பிப் போகவும் முடியும்.

மூன்று இடமும் ஒன்றுக்கொன்று நடந்தோ, ஒரே பஸ்ஸிலோ போகிற தூரத்தில் இருக்கட்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் மூன்றில் ஒன்றை வெட்டிவிடுங்கள்.

படி 2: கிளம்பும் முன் ஒரு போன்

இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிப் போய், பூட்டிய கதவுக்கு முன் நின்றிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் மூடுவது மியூசியங்களின் பொதுவான வழக்கம். உலகில் பல இடங்களில் அது திங்கட்கிழமை. பாரிஸின் லூவ்ரில் செவ்வாய்க்கிழமை. பண்டிகை நாளில் என்ன செய்வார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே முதல் நாளே கூப்பிட்டு இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாளை திறந்திருக்குமா, கடைசி டிக்கெட் எத்தனை மணிக்கு (மூடும் நேரமும் இதுவும் ஒன்றல்ல), எந்த அறையாவது மூடியிருக்கிறதா, கூட்டிப்போய் விளக்குபவர் எத்தனை மணிக்குப் புறப்படுகிறார், சக்கர நாற்காலி கிடைக்குமா.

மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள், 1977-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்குப் பல மியூசியங்களில் கட்டணம் இருக்காது, வழக்கமாகத் திறக்காத அறைகளைத் திறந்து காட்டுவதும் உண்டு. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

படி 3: எதை முதலில், எதைப் பிறகு

நாள் நன்றாக அமைவதும் வீணாவதும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

வெயில் காலமென்றால் தோட்டம் காலையில், மியூசியம் உச்சி வெயிலில், நிகழ்ச்சி மாலையில். குளிர்காலமென்றால் மியூசியத்தைக் கதவு திறக்கும் நேரத்திலேயே பார்த்துவிட்டு, வெயில் இதமாக இருக்கும் மத்தியானத்தில் தோட்டத்துக்குப் போகலாம். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் மியூசியத்தின் நல்ல நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து இறங்க இன்னும் நேரமிருக்கும், காவலாளிகளும் பேசுகிற மனநிலையில் இருப்பார்கள்.

தோட்டத்துக்குக் கடிகாரம் வேறு. அல்லிகளில் சில பகலில் மலர்ந்து மாலையில் மூடும், சில இரவில்தான் திறக்கும். தாமரை காலையில் பார்க்க வேண்டியது. தட்டு தட்டாக இலை விரிக்கும் அமேசான் ராட்சத அல்லி முதல் நாள் அந்திக்கு மேல் வெள்ளையாகத் திறக்கும், மறுநாள் மாலை அதே பூ இளஞ்சிவப்பாக இருக்கும். நடுப்பகலில் போய்ப் பார்த்தால் இலையை மட்டும் படமெடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். எது எப்போது பூக்கும் என்று தோட்டக்காரரைக் கேட்டால் அலுவலகத்தில் சொல்வதைவிடச் சரியாகச் சொல்வார்.

மியூசியத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். சாப்பாடு, நிழல், கால் நீட்டல். அதிலும் எதையாவது பார்த்துவிடலாம் என்று நுழைக்காதீர்கள்.

படி 4: பைக்குள் என்ன

பழகிய செருப்பு அல்லது ஷூ. புதுசு வேண்டவே வேண்டாம். ஒரு சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஓலை, காகிதம் போன்ற பழம்பொருள் இருக்கும் இடங்களில் மை கசியும் எதையும் அனுமதிக்க மாட்டார்கள். குளிரூட்டிய அறைகளுக்காக ஒரு மெல்லிய சால்வை.

யாரும் எடுத்துப் போகாத ஒன்றைச் சொல்கிறேன்: சின்ன பைனாகுலர். பறவை பார்க்க மட்டும் அல்ல. உயரத்தில் மாட்டிய ஓவியம், தூணின் உச்சியில் செதுக்கிய முகம், கூரை ஓவியத்தின் மூலை என்று கழுத்தை வளைத்தும் தெரியாத எல்லாம் அதில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

முதுகுப் பையை வாசலிலேயே ஒப்படைத்துவிடுங்கள். முடியாவிட்டால் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது நம் முதுகுக்குக் கண் இல்லை.

படி 5: உள்ளே நுழைந்ததும்

முதல் வேலை, நிற்காமல் ஒரு சுற்று. பதினைந்து இருபது நிமிஷம், எல்லா அறையிலும் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுங்கள். எதையும் படிக்க வேண்டாம். கால் தானாக எங்கே தயங்கியது என்று மட்டும் கவனியுங்கள். அந்த இடங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது சுற்று போங்கள். மற்றவற்றை விட்டுவிடலாம், குற்றவுணர்ச்சியே வேண்டாம்.

கடையைக் கடைசியில் பார்ப்பதுதான் வழக்கம். நான் முதலில் போய்விடுவேன். அஞ்சலட்டைகளைப் புரட்டினால் அந்த மியூசியம் எதைத் தன் பெருமையாக நினைக்கிறது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அப்புறம் காவலாளியிடம் ஒரு கேள்வி: "எல்லாரும் பார்க்காமல் விட்டுட்டுப் போறது எது?" நாள் முழுக்க அதே அறையில் நிற்பவர் அவர். ஒரு முறை இப்படிக் கேட்டதற்கு, கதவுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு சின்னக் கல்வெட்டைக் காட்டினார் ஒருவர். கதவைச் சாத்தினால்தான் தெரியும்.

எவ்வளவு நேரம் பார்ப்பது? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் வருபவர்கள் ஒரு படைப்பின் முன் எத்தனை நொடி நிற்கிறார்கள் என்று அளந்து 2001-இல் வெளியிட்டார்கள். சராசரி 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிட்டார்கள், விளக்கப் பலகையைப் படிக்கும் நேரமும் சேர்த்து. நீங்கள் தேர்ந்தெடுத்த ஐந்துக்கும் தலா ஐந்து நிமிஷம் கொடுத்துப் பாருங்கள். முதல் நிமிஷம் முடிந்ததும் அலுப்பு வரும். வந்தால் சரியான பாதையில்தான் போகிறீர்கள், நகர வேண்டாம்.

உடைந்து ஒட்டிய ஒரு மண்பானையை எடுத்துக்கொள்வோம். முதல் பார்வைக்குப் பானை, அவ்வளவுதான். கொஞ்சம் நின்றால் விரிசல் கோடுகள் தெரியும். பிறகு, கோடுகளுக்கு நடுவே சில துண்டுகள் மட்டும் வேலைப்பாடே இல்லாமல் மழமழவென்று ஒரே நிறத்தில் இருப்பது தெரியும். தொலைந்துபோன சில்லுகளுக்குப் பதில் பின்னாளில் நிரப்பியவை அவை. பழுதுபார்ப்பவர்கள் நிறத்தைக் கொஞ்சம் வேண்டுமென்றே மாற்றித்தான் விடுவார்கள். அவர்கள் கணக்குப்படி, 6 அடி தள்ளி நின்றால் ஒட்டு கண்ணை உறுத்தக் கூடாது, 6 அங்குலத்துக்கு வந்தால் எது பழசு எது புதுசு என்று ஒளிக்கவும் கூடாது.

இன்னும் கிட்டே போங்கள். உட்புறத்தில் சுற்றுச் சுற்றாக வரி ஓடினால் சக்கரத்தில் வனைந்தது. கழுத்தோரம் பிறைப் பிறையாகக் குழி இருந்தால் யாரோ ஈர மண்ணில் நகத்தை அழுத்தியிருக்கிறார்கள். குழிகளின் அளவைப் பார்த்தால் அந்த விரல் எவ்வளவு சின்னது என்றுகூடத் தோன்றும். அடியில் கருத்திருந்தால் பானை அடுப்பேறியிருக்கலாம். இதில் பாதி எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

பலகையைப் பொருளைப் பார்த்த பிறகு படியுங்கள். முதலில் படித்தால் அதில் எழுதியிருப்பதை மட்டும்தான் கண் தேடும். பொடி எழுத்தில் கடைசியில் இருக்கும் எண்ணையும் விடாதீர்கள். அது பதிவு எண். பல மியூசியங்களில் அதன் முதல் பகுதி அந்தப் பொருள் அங்கே வந்து சேர்ந்த வருஷம். 1923 என்று தொடங்கும் எண்கள் ஒரே அறையில் இருபது இருந்தால், அந்த வருஷம் ஒரு அகழாய்வோ, ஒருவருடைய மொத்தச் சேகரிப்போ வந்து இறங்கியிருக்க வேண்டும். எது என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒரு கதை இருக்கும்.

படி 6: இருட்டு, கண்ணாடி, கேமரா

துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் இருக்கும் அறையில் ஏன் இத்தனை இருட்டு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. வெளிச்சம் சாயத்தைத் தின்னும். தின்றது திரும்பி வராது, நாள்பட நாள்பட சேர்ந்துகொண்டே போகும். அதனால் இப்படிப்பட்ட பொருள்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம்தான் என்று வைத்திருக்கிறார்கள். வெளியே வெயிலில் அது பல்லாயிரம் லக்ஸ். உள்ளே நுழைந்தவுடன் ஒன்றும் தெரியவில்லை என்று வெளியேறாமல் ஓரமாக மூன்று நாலு நிமிஷம் நில்லுங்கள். கண் பழகியதும் நூல் நூலாகத் தெரியும். அதே காரணத்தால் துணியையும் ஏட்டையும் மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். போன வருஷம் பார்த்த சேலை இந்த வருஷம் பெட்டிக்குள் ஓய்வில் இருக்கும்.

தொடாதே என்பதற்கும் காரணம் கண்ணெதிரே உண்டு. வாடிகனில் புனித பேதுரு பேராலயத்தில் உள்ள பேதுருவின் வெண்கலச் சிலையின் வலது பாதத்தைப் பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டும் முத்தமிட்டும் விரல்களே மழுங்கிப் போயிருக்கின்றன. வெறும் கைதான். வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும் கணக்கு தனி.

படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் விழுந்தால் லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகே, தொடாமல், சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். அடர்நிறச் சட்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது. பொருளை எடுத்த கையோடு அதன் பலகையையும் எடுங்கள். என் போனில் பெயர் தெரியாத சாமி சிலைகள் முந்நூறுக்கு மேல் கிடக்கின்றன.

அதோடு, 2014-இல் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. மியூசியத்தில் சிலவற்றைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது படமெடுத்தவைதான் குறைவாக நினைவில் இருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தவற்றுக்கு அந்த மறதி இல்லை. நான் இதை இப்படி எடுத்துக்கொண்டேன்: சிலை முழுவதும் வேண்டாம், அதன் கை விரலை எடு.

படி 7: தோட்டத்தில்

மியூசியத்தில் நின்று நின்று சோர்ந்த கால், தோட்டத்தில் நடந்தால் ஆறும். இங்கே வேகம் வேறு, ஆனால் விதி அதேதான். எல்லா மரத்தையும் பார்க்கக் கிளம்பினால் எதுவும் மிஞ்சாது.

தாவரவியல் பூங்காவில் மரத்தில் அடித்திருக்கும் பெயர்த்தகட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி சுவாரசியம் அதில். 'டாமரிண்டஸ் இண்டிகா எல்.' என்று இருந்தால், நமக்குத் தெரிந்த புளியமரம். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். கடைசியில் ஒற்றையாக நிற்கும் 'எல்.', பெயர் வைத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். 1753-இல் அவர் பதிவு செய்த பெயர் இது. இண்டிகா என்றால் இந்தியாவுக்குரியது. டாமரிண்டஸ் என்பதும், இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, பெயரில் இரண்டு முறை இந்தியா. அதே தகட்டில் தாயகம் என்ற இடத்தைப் பாருங்கள்: வெப்பமண்டல ஆப்பிரிக்கா. நம் புளி வெளியூர்க்காரன் என்பதை நான் தெரிந்துகொண்டது இப்படி ஒரு தகட்டில்தான். கொஞ்ச நேரம் மனம் ஒப்பவில்லை.

பெயருக்கு நடுவே பெருக்கல் குறி இருந்தால் அது கலப்பினம். ஒற்றை மேற்கோளுக்குள் ஒரு பெயர் இருந்தால் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம்.

அடுத்தது, ஒரே செடியை அடியிலிருந்து நுனிவரை பார்ப்பது. இத்தாலியின் படுவா நகரில் 1545-இல் தொடங்கிய பல்கலைக்கழகத் தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அங்கே 1585-இல் நட்ட ஒரு குட்டைப் பனை இன்னும் உயிரோடு நிற்கிறது. 1786-இல் அங்கே போன ஜெர்மானியக் கவி கேத்தே, அடியில் ஈட்டிபோல் நேராக இருக்கும் இலை மேலே போகப் போகப் பிளந்து விசிறியாவதை உன்னித்துப் பார்த்தார். செடியின் உறுப்புகள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகின்றன என்ற அவருடைய சிந்தனைக்கு அந்தப் பனை ஒரு தூண்டுதல். நமக்குப் பனையே வேண்டுமென்பதில்லை, எந்தச் செடியிலும் இளம் இலையும் முதிர்ந்த இலையும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தால் கேமரா லென்ஸ் ஆவி பிடித்துவிடும். துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டாம், பத்து நிமிஷத்தில் தானே தெளியும். விழுந்த காய், விதைகூட எடுக்கக் கூடாது என்ற விதி பல தோட்டங்களில் உண்டு. கிள்ளி முகர்ந்து பார்க்கிற, வாயில் போட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இங்கே வேண்டாம், அழகான செடிகளில் விஷமுள்ளவை நிறைய.

படி 8: உயிரோடு நடப்பது

மாலைக்கு ஒரு கூத்து, கச்சேரி, பொம்மலாட்டம், அல்லது தறியிலோ சக்கரத்திலோ ஒருவர் வேலை செய்து காட்டுகிற பட்டறை. 1891-இல் ஆர்ட்டூர் ஹசேலியுஸ் என்பவர் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி மியூசியத்தைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளை அப்படியே பெயர்த்து வந்து அங்கே நிறுத்தி, அந்த வீடுகளின் வாழ்க்கையையும் ஆட்களை வைத்து நடத்திக் காட்டினார். இப்போது உலகம் முழுக்க அந்த மாதிரி இடங்கள் இருக்கின்றன. அங்கே போனால் நுழைந்ததும் கேட்க வேண்டியது, எந்த வீட்டில் எத்தனை மணிக்கு என்ன செய்து காட்டுகிறார்கள் என்பது. அது தெரியாமல் போனால் வெறும் திண்ணைகளைப் பார்த்துவிட்டு வருவோம்.

கைவினைஞர் எதிரே உட்காருவதைவிடப் பக்கவாட்டில், அவருடைய கை தெரிகிற பக்கம் உட்காருங்கள். மண் சக்கரத்தில் சுழலும்போது கேள்வி கேட்காதீர்கள், அறுத்துக் கீழே இறக்கியதும் கேளுங்கள். படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை.

வழிபாட்டுத் தலம் என்றால் அது முதலில் கும்பிட வருபவர்களுடையது. உடை, செருப்பு விஷயத்தில் அங்குள்ள வழக்கப்படி நடந்துகொண்டு, சடங்கு நடக்கும் நேரத்தில் ஓரமாக நின்றால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பைனாகுலர் அதிகம் பயன்படும் இடமும் இதுதான். கூத்துக்கோ நாடகத்துக்கோ போவதானால் கதையை ஐந்து நிமிஷம் முன்னாலேயே படித்துவிடுங்கள். அடுத்து என்ன என்ற கவலை இல்லாமல் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

குழந்தைகளும் பெரியவர்களும் கூட வந்தால்

குழந்தைக்கு மியூசியம் ஒரு மணி நேரம்தான். அதற்குள் ஒரு வேட்டை வையுங்கள்: பல் தெரிகிற ஐந்து மிருகம், மூக்கு உடைந்த மூன்று சிலை. கண்டுபிடித்ததைப் பென்சிலில் வரையச் சொன்னால் நாம் நிம்மதியாக நம் பானையைப் பார்க்கலாம். விளக்கம் சொல்ல வேண்டாம். அவர்களே கேட்பார்கள், அதுவும் நமக்குப் பதில் தெரியாததாகப் பார்த்துக் கேட்பார்கள்.

வயதானவர்களுக்கு முதல் சுற்றை நீங்கள் போய்விட்டு வாருங்கள். பெஞ்ச் எங்கே, கழிப்பறை எங்கே, படி இல்லாத வழி எது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்த ஐந்து பொருளுக்கு மட்டும் கூட்டிப் போங்கள். மடக்கு நாற்காலி இரவல் கொடுக்கும் மியூசியங்களும் உண்டு, வாசலில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

படி 9: வீட்டுக்கு வந்ததும்

அன்றைக்கு ராத்திரியே, தூங்கும் முன், நோட்டில் ஐந்து வரி. பொருள்களின் பட்டியல் வேண்டாம், கண்ணில் ஒட்டிக்கொண்டது மட்டும். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் மூன்று வரிதான் வரும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் பொருளே இருக்காது, 'பராமரிப்புக்காக எடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு சின்னச் சீட்டு மட்டும் இருக்கும். அந்தப் பதிவு எண்ணை எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்துப் போன் செய்து கேட்பேன். ஒரு ஏட்டுச் சுவடிக்காக மூன்று முறை கூப்பிட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் என் குரலைக் கேட்டதுமே, "இன்னும் வரலைங்க" என்கிறார் அந்த அம்மா.